சவானா உடும்பு வழக்கத்துக்கு மாறாக நடந்தால்: எதை முதலில் பார்ப்பது

வரப்பிலும் கரட்டிலும் ஓடுகிற நம்ம ஊர் உடும்பைப் பற்றி இதில் எதுவும் இல்லை. அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் வளர்த்தாலும் குற்றம். அடிபட்டுக் கிடந்தால்கூட வீட்டுக்குத் தூக்கி வராமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நான் எழுதுவது ஆப்பிரிக்கப் புல்வெளியிலிருந்து வந்த சவானா உடும்பைப் பற்றி. அதையும் சும்மா வைத்துக்கொள்ள முடியாது. 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் கைமாறினாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவு இல்லாதவர்கள் மருத்துவரிடம் கொண்டுபோகத் தயங்கியே நாளைக் கடத்துகிறார்கள். ஆகவே முதலில் அந்தக் காகிதத்தைச் சரி செய்யுங்கள்.

ஓசூரில் ஆறு வருடமாக ஒரு சவானா வளர்க்கிறேன். பெயர் குண்டன். பெயருக்கான காரணம் கீழே வரும். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இதை வளர்க்கிற சிலர் ஏதாவது என்றால் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னாலும், போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு உடும்பிடம் இருக்காது, அதை வைத்திருக்கும் பெட்டியில்தான் இருக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம்

நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்புக்கு அடியில் அது வெயில் காயும் இடத்தில் கல்லின் மேற்பரப்புச் சூடு 50 முதல் 60 டிகிரி இருக்க வேண்டும். குளிர்ந்த முனையில் காற்று 24 முதல் 28. இரவில் 22-க்குக் கீழே போகக் கூடாது. நாலாவது மண்ணின் ஈரம்: ஒரு பிடி அள்ளி அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டை விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். கையில் தண்ணீர் கசிந்தால் அதிகம், உருண்டையே பிடிக்கவில்லை என்றால் வறட்சி.

சூட்டை அளக்கும் கருவியில் ஒரு பொறி இருக்கிறது. போன டிசம்பரில் பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணா, பத்து நாளா ஒண்ணுமே சாப்பிடலண்ணா, சூடெல்லாம் கரெக்டா வெச்சிருக்கேன்" என்றான். போய்ப் பார்த்தால் கையில் கொரோனா காலத்து நெற்றித் துப்பாக்கி. அது மனிதக் காய்ச்சலை அளக்கச் செய்தது. 43 டிகிரிக்குப் பக்கத்தில் போனாலே எண்ணைக் காட்டாமல் 'ஹை' என்று சொல்லிவிடும். இவன் பயந்துபோய், ஹை வருவது நிற்கும்வரை பல்பைச் சின்னதாக்கிக்கொண்டே வந்திருக்கிறான். கடைசியில் கல் 38 டிகிரியில் நின்றிருந்தது. உடும்பு காலையிலிருந்து மாலை வரை அதே கல்லில் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. அந்தச் சூட்டில் தின்றது செரிக்காது, அதனால் தின்னவில்லை. பழைய பல்பை மாட்டினோம். நாலாவது நாள் கரப்பானைத் துரத்தியது. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் துப்பாக்கி வெப்பமானியை வாங்குங்கள். ஓசூர் சிப்காட் பக்கம் கருவிகள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பல்பு விஷயத்தில் இன்னொன்று. ஒரே ஒரு பெரிய பல்பு முதுகில் உள்ளங்கை அகலத்தை மட்டும் சுடும், மீதி உடம்பு குளிர்ந்தே இருக்கும். பக்கம் பக்கமாக மூன்று சின்ன ஹாலஜன் வைத்தால் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே சீராகக் காயும்.

## சாப்பிட மாட்டேன் என்கிறது

புதிதாக வந்ததா? இரண்டு மூன்று வாரம் தொடாதீர்கள், எட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீரும் ஒளிய இடமும் போதும். பயம் தெளிந்ததும் தின்னும்.

எண்கள் சரியில்லையா? சரி செய்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

குளிர்காலமா? ஓசூரில் ஜனவரி இரவுகள் 15 டிகிரியைத் தொடும். பெட்டிக்குள் சூடு இருந்தாலும், பல்பு அணைந்த பிறகு தரை வழியாகக் குளிர் ஏறும். சவானா உடும்பு அதன் ஊரிலேயே மழைக்காலத்தில் வயிறு புடைக்கத் தின்று, வறண்ட மாதங்களில் வளைக்குள் பட்டினி கிடக்கிற பிராணி. ஆகவே நன்கு வளர்ந்த உடும்பு சில வாரம் தீனியைக் குறைத்தால் அதுவே நோய் ஆகிவிடாது. வாரம் ஒரு முறை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். எடை நின்றால் நிம்மதி. வாலின் அடிப்பகுதி ஒட்டி, இடுப்பு எலும்பு துருத்தினால் நிம்மதி இல்லை.

கொழுப்பா? குண்டன் கதை இதுதான். முதல் இரண்டு வருடம் எலியும் கோழித் துண்டும் போட்டேன். ஆசையாகத் தின்பான், எனக்கும் பெருமை. வயிறு தரையில் தேய ஆரம்பித்தது. அப்புறம் ஒருநாள் தீனியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டான். பெங்களூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வயிற்றுக்குள் கொழுப்பு பாளம் பாளமாக இருந்தது. கல்லீரலும் கெட ஆரம்பித்திருந்தது. இந்த இனம் அடிப்படையில் பூச்சியும் நத்தையும் தின்பது. கரப்பான், வெட்டுக்கிளி, புழு என்று மாற்றி ஒன்றரை வருடம் ஆனது அவன் பழைய நடைக்கு வர. எலி இப்போது எப்போதாவது ஒன்று, அவ்வளவுதான். பச்சை முட்டை வெள்ளையைத் தினம் கொடுக்கிறவர்களும் நிறுத்துங்கள், அது உடம்பில் பயோட்டின் என்ற வைட்டமினைச் சேரவிடாது.

நம் மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பட்டுப்புழு. தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. சுற்றி எத்தனையோ ஊர்களில் புழு வளர்க்கிறார்கள். ஐந்தாம் பருவப் புழு மெத்தென்று, ஈரப்பதத்தோடு, உடும்புக்கு அருமையான தீனி. ஆனால் வளர்ப்பு மனையிலிருந்து நேராக அள்ளி வந்து கொட்டாதீர்கள். படுக்கையில் சுண்ணாம்பும் கிருமிநாசினிப் பொடியும் தூவியிருப்பார்கள். வாங்கி வந்து, மருந்து அடிக்காத மல்பெரி இலை போட்டு இரண்டு நாள் வைத்திருந்து கொடுங்கள். நோய் வந்து ஒதுக்கிய புழுவை இலவசமாகத் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வாய்க்குள் பார்த்தீர்களா? ஈறு சிவந்திருந்தாலோ, தயிர்க்கட்டி போல ஏதாவது ஒட்டியிருந்தாலோ மருத்துவர்தான். சுரண்டக் கூடாது.

என் கணக்கு: வளர்ந்ததாக இருந்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்த அன்று மருத்துவரிடம் கிளம்புவேன். குட்டியாக இருந்தால் ஒரு வாரம் தின்னாமல் இருந்தாலே கிளம்புவேன்.

## வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறது

எங்கே இருக்கும்போது திறக்கிறது என்று பாருங்கள். பல்புக்கு அடியில் மட்டும் திறந்து, நிழலுக்குப் போனதும் மூடிக்கொண்டால் அது சூட்டை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். ஒதுங்குவதற்குக் குளிர்ந்த முனை உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா என்று மட்டும் அளந்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதம் தருமபுரியில் வீட்டுக்குள்ளேயே வெக்கை தாங்காது. சின்னப் பெட்டியில் குளிர்ந்த முனை என்ற ஒன்றே இருக்காது. அந்த மாதங்களில் மதியம் பல்பை அணைக்க வேண்டியிருக்கும்.

குளிர்ந்த முனையிலும் வாய் திறந்தே இருக்கிறதா? கழுத்தைத் தூக்கி, தொண்டையை உப்பி உப்பி மூச்சு விடுகிறதா? மூக்கில் நுரைக் குமிழ், வாய்க்குள் நூல் போல இழுபடும் சளி, மூச்சோடு 'டிக் டிக்' சத்தம்? இவற்றில் ஒன்று இருந்தாலும் நுரையீரல் தொற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் காரணம் இரவுக் குளிர். அடுத்தது காற்றோட்டமே இல்லாத ஈரம். ஈரம் வேண்டும் என்று சொன்னால் சிலர் பெட்டியை பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுகிறார்கள், உள்ளே பூஞ்சை மணக்கும். மண்ணுக்குள் ஈரம் இருக்க வேண்டும், மேலே காற்று ஓட வேண்டும்.

இரவுக்கு பீங்கான் ஹீட்டரை தெர்மோஸ்டாட்டோடு மாட்டி, 26 முதல் 28 டிகிரியில் வையுங்கள். வெளிச்சம் வராது, தூக்கம் கெடாது. இதைச் செய்துவிட்டு இரண்டு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள்; கழுத்தை நீட்டி மூச்சுக்குத் தவித்தால் அன்றைக்கே. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் பொடி செய்து கொடுப்பது, ஆவி பிடிக்க வைப்பது இரண்டும் வேண்டாம். ஆவி பிடிக்க வைத்தவர் ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணத்தில்தான் செய்தார். உடும்பின் தாடை வெந்துபோயிருந்தது.

## காலையில் துணி மாதிரி துவண்டு கிடக்கிறது

இரவில் மின்சாரம் போயிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உடம்பைத் தொட்டால் சில்லென்று இருந்தால் குளிரில் விறைத்திருக்கிறது. வெந்நீரில் முக்காதீர்கள், நேராகப் பெரிய பல்பின் அடியிலும் போடாதீர்கள். சூடான அறையில், துணியில் சுற்றி, ஒன்றிரண்டு மணி நேரம் மெல்ல மெல்லச் சூடேறட்டும். அன்று முழுக்கத் தீனி கிடையாது. குளிர்ந்த வயிற்றில் தின்றது அழுகும்.

மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்தடை என்றால் முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுவேன். வீட்டு இன்வெர்ட்டரில் பல்புகளை ஓட்ட நினைக்க வேண்டாம், சீக்கிரமே பேட்டரி காலியாகும். பீங்கான் ஹீட்டர் ஒன்றை மட்டும் அதில் கொடுக்கலாம்.

உடம்பு சூடாக இருந்தும் துவண்டு கிடக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிறது என்றால் நீர் வற்றியிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில், தோள் உயரத்துக்கு மேல் போகாமல், இருபது நிமிடம் வையுங்கள். மறுநாளும் அப்படியே என்றால் மருத்துவர்.

## மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது

வளைக்குள் இருப்பது இதன் சுபாவம். எடை குறையாமல், கண் தெளிவாக இருந்தால் தோண்டி எடுத்துத் தொந்தரவு செய்யாதீர்கள். இதற்கு நேர் எதிர்தான் என்னைக் கவலைப்பட வைக்கும்: வளைக்கே போகாமல் கல்லின் மேலேயே கிடப்பது. அப்போது இரவுச் சூட்டையும் கல்லின் சூட்டையும் அளந்து பாருங்கள்.

## இரவு பகலாகத் தோண்டுகிறது

முதல் கேள்வி: மண் எத்தனை ஆழம்? அரை அடி என்றால் தோண்டத்தான் செய்யும், தோண்டி முடிக்க முடியவில்லையே. இரண்டு அடி மண் வேண்டும். செம்மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணல் கலந்தால் வளை இடியாமல் நிற்கும். உரமும் மருந்தும் போட்ட வயல் மண் ஆகாது. தேங்காய் நார்த்தூளை மட்டும் கொட்டினால் காய்ந்து தூசியாகும், வளையும் நிற்காது. எட்டுக்கு நாலு அடிப் பெட்டியில் இரண்டு அடி மண் என்றால் இரண்டரை டன்னுக்கு மேல் கனம் வரும். மாடியில் வைக்கிற யோசனை இருந்தால் கொத்தனாரைக் கேட்டுவிட்டு வையுங்கள். நான் கீழ்த்தளத்தில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி வைத்திருக்கிறேன்.

மண் ஆழமாக இருந்தும் விடாமல் தோண்டினால், அது பெண்ணா?

"இல்லைங்க, இது ஆண்தான், வித்தவரே சொன்னார்" என்பார்கள். விற்றவருக்கும் தெரியாது. இந்த இனத்தில் வெளியே பார்த்து ஆண் பெண் சொல்வது பெரிய அனுபவசாலிகளுக்கே கஷ்டம். காவேரிப்பட்டினத்தில் 'வீரா' என்று பெயர் வைத்து வளர்த்த ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்த் தொட்டிக்குள் முட்டையிட ஆரம்பித்தது. ஆணோடு சேராமலேயே பெண் கரு இல்லாத முட்டை வைக்கும். வீட்டில் ஒன்றுதானே இருக்கிறது என்று நினைத்து ஏமாறுகிற இடம் இது.

சினையின் அடையாளம்: வயிறு பக்கவாட்டில் புடைக்கும், தீனி குறையும், அங்கங்கே தோண்டிப் பார்த்து, பிடிக்காமல் வேறு இடத்துக்கு மாறும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது, அதற்குப் பிடித்த இடத்தைக் கொடுப்பது. ஒரு மூலையில் மண்ணை இன்னும் ஏற்றி, ஈரமாக்கி, மண்ணின் சூடு 28 முதல் 30 டிகிரி இருக்கும்படி மேலே விளக்கை நகர்த்துங்கள். பெட்டியை ஒரு போர்வையால் மறைத்துவிட்டு விலகி வாருங்கள். நாம் எட்டிப் பார்த்தால் முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளும்.

முட்டையிட்டதும் வயிறு சுருங்கி, பசியோடு வெளியே வரும். தண்ணீரும் கால்சியம் தூவிய பூச்சியும் உடனே கொடுங்கள்.

எப்போது மருத்துவர்? நாள்கணக்கில் தோண்டிக்கொண்டிருந்தது திடீரென்று நிறுத்திவிட்டது, வயிறு மட்டும் அப்படியே புடைத்திருக்கிறது, பின்னங்காலை இழுக்கிறது என்றால் முட்டை சிக்கியிருக்கிறது. சில முட்டை வந்து மீதி வராமல் நின்றாலும் அதேதான். எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். ஊசியா, அறுவையா என்று அவர் முடிவு செய்வார். வயிற்றை அமுக்கி வெளியே தள்ளப் பார்க்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் பிழைப்பது கஷ்டம்.

## சாதுவாக இருந்தது திடீரென்று சீறுகிறது, வாலால் அடிக்கிறது

கையில் மீன் வாசமோ எலி வாசமோ இருந்ததா? மேலிருந்து கையை இறக்கினீர்களா? மேலிருந்து வருவதெல்லாம் அதன் கணக்கில் பருந்து. பக்கவாட்டில், தரையோடு கையைக் கொண்டுபோங்கள். வீட்டில் புது நாய், இடம் மாற்றிய பெட்டி, பக்கத்தில் நடக்கும் கட்டட வேலை எல்லாமே காரணமாகலாம்.

இவை இல்லை என்றால் வலி. வயிற்றுப் பக்கம் தீக்காயம் இருக்கிறதா பாருங்கள். சூடாகும் கல் என்று விற்கிறார்களே, அந்தக் கருவியால் வெந்த வயிறுகளை நிறையப் பார்த்தாயிற்று. விரல் நுனிகளைப் பாருங்கள், தின்னாமல் விட்ட வெட்டுக்கிளி இரவில் கடித்திருக்கும். மேலே சொன்ன சினையும் ஒரு காரணம்.

கடித்துவிட்டால் உதறி இழுக்காதீர்கள். உடும்புப் பிடி என்று சும்மா சொல்லவில்லை. இழுத்தால் உங்கள் சதைதான் கிழியும். தரையில் வைத்து அசையாமல் இருந்தால் விடும். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசிக்குப் போங்கள். கடிக்காவிட்டாலும் தொட்டால் கை கழுவ வேண்டும், ஊர்வனவற்றின் கழிவில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கும்.

## கண்ணாடியை ஓயாமல் பிறாண்டுகிறது

வெளிப்பக்கம் ஒரு நாள் காகிதம் ஒட்டிப் பாருங்கள். நின்றால் பிரதிபலிப்பு. நிற்கவில்லை என்றால் பெட்டி சின்னது, அல்லது உள்ளே தப்பிக்க முடியாத சூடு. மூக்கு நுனி தேய்ந்து புண்ணாகியிருந்தால் அதற்கு மருந்து வேண்டும்.

## விரல் துடிக்கிறது, கால் நடுங்குகிறது, தாடை மெத்தென்று இருக்கிறது

இதில் வீட்டு வைத்தியம் கிடையாது. கால்சியம் குறைந்து எலும்பு இளகுகிறது. அன்றோ மறுநாளோ மருத்துவர். தூக்கும்போது அடியில் முழுக் கையையும் கொடுங்கள், எலும்பு எளிதில் முறியும்.

அங்கே போவதற்குள் யோசிக்க வேண்டியது: உடம்பில் கால்சியம் சேர உதவும் புற ஊதாக் கதிரைத் தருகிற யூவிபி குழல் விளக்கு வாங்கி எத்தனை மாதம் ஆயிற்று? வெளிச்சம் வரும், ஆனால் வேண்டிய கதிர் வருடத்துக்குள் குறைந்துபோயிருக்கும். மாட்டிய தேதியை மார்க்கரால் அதன் முனையிலேயே எழுதுங்கள். விளக்குக்கும் உடும்புக்கும் நடுவில் கண்ணாடி இருந்தால் பயனில்லை. ஜன்னல் வழியாக வெயில் காட்டுகிறேன் என்பதும் இதே தப்புதான்.

நடுக்கம் திடீரென்று, ஒரே நாளில், வலிப்பு போல வந்தால் வேறு சந்தேகம். வெளியே பிடித்த பூச்சி, நத்தை எதையாவது போட்டீர்களா? ஓசூரைச் சுற்றி ரோஜா, தக்காளி என்று மருந்து அடிக்காத தோட்டம் அரிது. மழைக்காலத்து நத்தையை ஆசையாகப் பொறுக்கி வருகிறவர்கள் நத்தை மருந்தை மறந்துவிடுகிறார்கள். என்ன தின்றது, எப்போது தின்றது என்று எழுதிக்கொண்டு அந்த நிமிடமே கிளம்புங்கள்.

## மூட்டு வீங்கியிருக்கிறது

ஒரே மூட்டு, அடிபட்ட நினைவு இருந்தால் சுளுக்கோ முறிவோ. பல மூட்டு, தோலுக்கடியில் வெள்ளையாகக் கட்டி தெரிந்தால் யூரிக் அமிலம் படிந்திருக்கிறது. மாதக்கணக்கில் காய்ந்த மண்ணில் வாழ்ந்த உடும்புக்கு வருவது இது. சிறுநீரகமும் சேர்ந்து கெட்டிருக்கும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. வந்தபின் செலவு அதிகம், பலனும் பாதிதான்.

## மலம் வரவில்லை, அல்லது ஏதோ வெளியே தொங்குகிறது

தின்கிறது, பத்து நாளாகக் கழிக்கவில்லை என்றால் கல்லின் சூட்டைப் பாருங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். பெரும்பாலும் தண்ணீரிலேயே போய்விடும். வயிறு கல்லாக இருந்தால் விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள்.

மலத்தில் புழு, நாற்றம் அதிகம் என்றால் ஒரு சிறிய டப்பாவில் அன்றைய மலத்தை எடுத்துப் போங்கள். ஆட்டுக்குக் கொடுக்கும் புழு மருந்தைக் கண்ணளவில் கொடுப்பது ஆபத்து. எடை பார்த்து, புழு எது என்று பார்த்துத்தான் மருந்து.

ஆண் உடும்பு கழிக்கும்போது சிவந்த உறுப்பு வெளியே வந்து சில நிமிடத்தில் உள்ளே போவது சகஜம். போகவில்லை என்றால் காயவிடக் கூடாது. சர்க்கரையை நிறையக் கரைத்த தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துச் சுற்றுங்கள், வீக்கம் கொஞ்சம் வடியும். அப்படியே அன்றைக்கே மருத்துவமனை.

## தோல் சரியாக உரியவில்லை

துண்டு துண்டாக உரிவது இயல்பு. விரல்களிலும் வால் நுனியிலும் மோதிரம் போல ஒட்டி நிற்பதை மட்டும் கவனியுங்கள், ரத்தம் போகாமல் நுனி கருத்து உதிரும். உடும்புக்குப் பல்லி மாதிரி வால் திரும்ப முளைக்காது. ஈரமான மண்ணும் ஊற வைப்பதும் போதும், பிய்க்க வேண்டாம்.

## மருத்துவரிடம் போகும்போது

நம் ஊர் கால்நடை மருத்துவமனைகள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகியவை. உடும்பைப் பார்ப்பீர்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் பக்கம். அயல் பிராணிகள் பார்க்கும் தனி மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள், ஹெப்பாலில் கால்நடைக் கல்லூரியும் இருக்கிறது. தருமபுரி, அரூர் பக்கத்தவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேட்கலாம். உள்ளூர் மருத்துவரையும் ஒதுக்கிவிடாதீர்கள். எக்ஸ்ரே, ரத்தம் எடுப்பது, பெங்களூர் மருத்துவரிடம் போனில் பேசிக்கொண்டே ஊசி போடுவது எல்லாம் எனக்கு ஒரு முறை கிருஷ்ணகிரியிலேயே நடந்தது.

கையில் எடுக்க வேண்டியவை: எடை எழுதிய நோட்டு, அந்த நான்கு எண்கள், பெட்டியின் போட்டோ, யூவிபி விளக்கின் தேதி, பதிவுக் காகிதம். உடும்பைத் தடித்த பருத்திப் பையில் விட்டு, பையின் வாயைக் கட்டி, காற்றுத் துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். இருட்டில் அமைதியாகிவிடும். குளிர்காலம் என்றால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பைக்கு வெளியே வையுங்கள். காரில் ஏசி வேண்டாம். பேருந்தில் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால், நடத்துனரிடம் பைக்குள் என்ன என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். சூளகிரி தாண்டியபின் பை தானாக நகர்ந்து, நான் பட்ட பாடு போதும்.